கைக்கேற்ற கட்டை



சென்ற மாதம் பள்ளி விடும் நேரத்தில், செம்பனைக் குலை வெட்டும் ஒரு தந்தை என்னைத் தேடி வந்தார். "சார், பையன் கோவில் பஜனையிலே ஆர்மோனியப் பெட்டியை விட்டு நகர மாட்டேங்கிறான். அவனுக்கு ஒரு கீபோர்டு வாங்கப் பணம் சேர்த்திருக்கேன். கடையிலே 61 கட்டை, 76 கட்டை, 88 கட்டைன்னு மூணு மாதிரி காட்டுறாங்க. பெரிசா வாங்கினாத்தானே நல்லா வாசிப்பான்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

அவர் பார்த்து வந்தது 'அரேஞ்சர்' என்ற வகைக் கீபோர்டு. இடக்கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால், தாளம், கித்தார், பக்க வாத்தியம் எல்லாவற்றையும் கருவியே வாசிக்கும். வலக்கை பாட்டின் மெட்டை வாசிக்கும். ஆகவே கட்டைகள் இரண்டு பங்காகப் பிரிகின்றன.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு ஸ்தாயிக்கு வெள்ளையும் கறுப்புமாக 12 கட்டைகள். யமாஹா நிறுவனத்தின் 61 கட்டைக் கருவியில், வழக்கமான அமைப்பின்படி, கீழ்ப்பக்கம் 19 கட்டைகள் இடக்கைக்குப் போகும். வலக்கைக்கு மிஞ்சுவது 42. அதாவது மூன்றரை ஸ்தாயி. நம் பஜனை ஆர்மோனியங்களில் பலவும் மொத்தமே மூன்று, மூன்றரை ஸ்தாயிதான். பாட்டுக்கு வாசிப்பவருக்கு இது தாராளம். பாடுபவரின் சுருதி மாறினாலும் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியானால் 76 கட்டையை ஏன் சிலர் விரும்புகிறார்கள்? பியானோ பயின்றவர்கள் இரு கைகளையும் அகல விரித்து வாசித்துப் பழகியவர்கள். 61 கட்டையில் அவர்களுக்கு ஓரம் சீக்கிரம் வந்துவிடும். வேறு சிலர் ஒரு பகுதியில் வயலின், இன்னொரு பகுதியில் புல்லாங்குழல் என்று ஒலிகளைப் பிரித்து வைத்துக்கொள்வார்கள். யமாஹாவின் 76 கட்டைக் கருவியில் இடக்கைக்கு 27, வலக்கைக்கு 49 கட்டைகள் கிடைக்கின்றன.

ஆனால் மேடைக் கலைஞர்கள் எல்லாரும் இதை ஏற்பதில்லை. 2013-இல் யமாஹா வெளியிட்ட 'டைரோஸ் 5' 61 கட்டையிலும் 76 கட்டையிலும் கிடைத்தது. 2017-இல் வந்த 'ஜெனோஸ்' 76 கட்டையில் மட்டுமே வந்தது. குறுகிய கருவிக்குப் பழகியவர்களில் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். காரணம், இரவு கச்சேரி முடிந்ததும் கருவியைத் தூக்க வேண்டியவர் அவர்தானே! கட்டை வரிசை மட்டும் 61-க்கு 85 சென்டிமீட்டர், 76-க்கு 106, 88-க்கு 122 சென்டிமீட்டர் நீளம். இதற்கு மேல் பெட்டியின் ஓரங்களும் உண்டு. சிறிய காரின் பின் இருக்கையில் இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

88 என்பது முழுப் பியானோவின் அளவு. பியானோவைப் போல் கனமாக அழுந்தும் கட்டைகள் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். பியானோத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்கு அது தேவை. வேகமான மெட்டுகளை வாசிப்பவர்கள் பலர் இலேசாக அழுந்தும் கட்டைகளையே விரும்புகிறார்கள்.

நேயர்களே, கட்டைகளின் எண்ணிக்கையை விட முக்கியமான ஒன்று உண்டு. அது ஒவ்வொரு கட்டையின் அகலம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு, விலை மலிவாக இருக்கிறதே என்று, சின்னக் கட்டைகள் கொண்ட ஒரு கீபோர்டை வாங்கிக் கொடுத்தேன். ஓராண்டு விடாமல் பழகினாள். பள்ளி விழாவில் முழு அளவுக் கருவியின் முன் உட்கார்ந்தபோது, விரல்கள் ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டையில் போய் விழுந்தன. பாதியில் நிறுத்தி எழுந்து வந்தாள். "எனக்கு வராதுப்பா" என்றாள். பிழை அவளுடையதன்று, என்னுடையது. அதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

ஆகவே, கடைக்குப் போகும்போது பிள்ளையின் அடிக்கோலையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு 'ச' கட்டையின் இடது விளிம்பிலிருந்து மேல் 'ச' கட்டையின் இடது விளிம்பு வரை அளந்து பாருங்கள். ஏறத்தாழ பதினாறரை சென்டிமீட்டர் இருந்தால் அது முழு அளவு. வெகுவாகக் குறைந்தால், வாசித்துப் பழக அது வேண்டாம். அடுத்து, மெதுவாக அழுத்தினால் ஒலி மெல்லியதாகவும், வேகமாக அழுத்தினால் பெரியதாகவும் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கடைசியாகப் பிள்ளையையே உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அந்தத் தந்தை முழு அளவுக் கட்டைகள் கொண்ட 61 கட்டைக் கருவியை வாங்கினார். மிஞ்சிய பணத்தை ஆசிரியரிடம் பாடம் கற்க ஒதுக்கி வைத்திருக்கிறார். பெரிய கருவியை வாங்கி மூலையில் சாத்தி வைப்பதை விட, அளவான கருவியை வாங்கி நாள்தோறும் அரைமணி நேரம் வாசிக்க வைப்பதே பிள்ளைக்கு நாம் செய்யும் நன்மை.