வீட்டின் முதல் பட்டதாரி



ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானின் பெயர் தாங்கிய ஊர் அதியமான்கோட்டை. அங்கே பஸ் ஏறி, தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்கோ சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்கோ போகிற பிள்ளைகளில், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் உண்டு.

இவர்களுக்கு அரசு துணை நிற்கிறது. கலந்தாய்வு மூலம் பொறியியல் போன்ற படிப்பில் சேரும் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் கல்விக் கட்டணச் சலுகை. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய்.

கட்டணத்துக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் இன்டர்னல் மார்க் என்றால் என்ன, அரியர் விழுந்தால் படிப்பு போய்விடுமா, வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் யாரைப் பார்ப்பது? வீட்டில் கேட்டால் அப்பா, “நல்லாப் படி கண்ணு” என்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வகுப்பில் கேட்கலாமென்றால் பாடம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. எழுந்து நின்றால் சிரிப்பார்களோ என்று பயம். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை கடைசி பெஞ்சில் ஒடுங்குவது அறிவுக் குறைவால் அல்ல, விவரம் சொல்ல ஆளில்லாததால்தான்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி, தங்கைகளே, உங்கள் ஊர் பஸ்ஸில் வருகிற முதலாண்டுப் பிள்ளையிடம் இன்றைக்கே நீங்களாகப் போய்ப் பேசுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.