நெடுஞ்சாலையில் ஒரு புதிய வண்டி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் செயலாளர் எங்களிடம், "புதுவண்டி வாங்கிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டீர்களே, என்ன ஆயிற்று என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதே எண்ணத்தோடு நம்மவருள் இன்னும் சிலர் இருக்கின்றனர்" என்று கேட்டுக்கொண்டார். ஆதலின், பட்டதைப் பட்டவாறே சொல்ல வந்துள்ளோம். எங்களுள் வண்டியைச் செலுத்துபவர் கணவர். பின்னால் அமர்ந்து வழியும் அறிவும் கூறுபவர் மனைவி. இவ்வுரை இருவருக்கும் பொது.

கொல்கத்தாத் தமிழர்க்கு ஊர்ப்பயணம் என்றாலே ஹௌரா நிலையமும் சென்னை மெயிலும் கோரமண்டலுமே நினைவுக்கு வரும். அந்த இருப்புப் பாதைக்குத் துணையாக ஒரு நெடுஞ்சாலையும் கடற்கரை மாநிலங்களின் வழியே சென்னை வரை செல்கிறது. இன்று அதற்கு எண் 16. டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலையில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டும் ஏறக்குறைய 1,680 கிலோமீட்டர். அதனை ஒருமுறையேனும் மண்ணோடு மண்ணாகக் கடக்கவேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.

அதற்கென 2024-ஆம் ஆண்டில் நாங்கள் வாங்கியது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. இதனை வாங்கியதில் சிறிது ஊர்ப்பற்றும் உண்டு. 1901-இல் இங்கிலாந்தில் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த இப்பெயர், 1955-இல் சென்னையில் வேரூன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் 'புல்லட்' ஓசையைக் கேட்டு வளர்ந்தோர் இவ்வவையிலும் பலர் இருப்பீர்கள். இங்கிலாந்தில் மரம் பட்டுப்போன பின்னும் இங்கே நட்ட கிளை தழைத்தது. 2016-இல் முதல் ஹிமாலயன் 411 சி.சி. எஞ்சினோடு வந்தது, 2023 நவம்பரில் வந்த புதியது 452 சி.சி. கொண்டது. அந்நிறுவனத்தின் வண்டிகளுள் நீரால் குளிரும் எஞ்சின் பெற்றது இதுவே முதல். ஆற்றல் 40 குதிரைத்திறன், கியர்கள் ஆறு.

இவ்வகை வண்டியை ஆங்கிலத்தில் 'அட்வென்ச்சர் டூரர்' என்பர். நல்ல சாலையில் நெடுந்தொலைவு செல்லவும், சாலை கெட்ட இடத்தில் அஞ்சாமல் இறங்கவும் அமைந்தது. முன்சக்கரம் 21 அங்குலம். பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் அதன் மேல் உருண்டு ஏறும். அடிப்பகுதிக்கும் தரைக்கும் 230 மில்லிமீட்டர் இடைவெளி. கைப்பிடி உயர்ந்து அகன்றிருப்பதால் முதுகை வளைக்காமல் நிமிர்ந்து அமரலாம். எரிபொருள் கலம் 17 லிட்டர் கொள்ளும். எங்கள் கணக்கில் லிட்டருக்கு 28 முதல் 30 கிலோமீட்டர் கிடைத்தது. ஆனால் இருக்கையின் உயரம் 825 மில்லிமீட்டர். வண்டியின் எடையோ 196 கிலோ. நம்மைப் போன்ற நடுத்தர உயரத்தார் இவ்விரு எண்களையும் வாங்கும் முன்பே மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓடும்போது இறகாக இருக்கும் வண்டி, நின்றவுடன் மலையாகிவிடும்.

முதல் 500 கிலோமீட்டர் வரை எஞ்சினை வலிந்து முடுக்காமல் ஓட்டிப் பழக்கினோம். ஞாயிறு காலைகளில் லேக் மார்க்கெட்டிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை சென்று, கங்கையைக் கண்டு திரும்புவோம். முதல் சர்வீஸ் முடிந்தபின் துர்காப்பூர் வரை ஒருநாள் சென்று வந்தோம். இவ்வளவில் நாங்கள் தேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம். அதுவே எங்கள் முதல் பிழை.

2025 சனவரியில், பொங்கலுக்குச் சென்னையில் அம்மாவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவது என்று முடிவு செய்தோம். முதல் நாள் புவனேசுவரம், இரண்டாம் நாள் விசாகப்பட்டினம், மூன்றாம் நாள் விசயவாடா, நான்காம் நாள் சென்னை என்பது திட்டம்.

இருள் பிரியும் முன் வித்யாசாகர் பாலத்தைக் கடந்தோம். கோலாகாட் வரை மூடுபனி. ரூபநாராயண் ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை; பாலத்தின் அதிர்வால் மட்டுமே அறிந்தோம். பூக்கூடைகளோடு சென்றோரின் உருவங்கள் பனியில் நிழல்போல் அசைந்தன. கரக்பூரில் வெயில் வந்தது, இட்டலியும் கிடைத்தது. அதன்பின் சாலை விரிந்தது. ஒடிசாவில் நுழைந்து சுவர்ணரேகையைக் கடந்தபோது, இப்பயணத்துக்கென்றே வண்டி பிறந்ததுபோல் இருந்தது.

நெடுஞ்சாலையில் அதன் இயல்பைச் சொல்லவேண்டுமானால், மணிக்கு 80 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில் அது அமைதி கொள்கிறது. முந்துவதற்குக் கைப்பிடியைச் சிறிது திருகினால் போதும். பின்னிருக்கையாளரின் தீர்ப்பு யாதெனில், குதிரையைவிட நன்று, ரயிலின் சன்னலோர இருக்கையைவிடக் குறைவு என்பதாகும். காற்றுத்தான் உண்மையான சுமை. பெரிய லாரியை முந்தும்போது முதலில் அது நம்மைத் தன்பால் இழுக்கும். அதன் முகப்பைத் தாண்டியதும் காற்று ஓங்கி அறையும். எதிர்த்திசையில் வரும் டிராக்டர்களும் குறுக்கே நடக்கும் மாடுகளும் எங்கும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கவனம் என்னும் கட்டணத்தை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலுத்தவேண்டும்.

பத்ரக் தாண்டி, நண்பகலுக்குப் பின், நீர் அருந்த நின்றோம். சாலையோரம் புதிதாகக் கொட்டிய மண். அதன்மேல் சைடு ஸ்டாண்டை ஊன்றினோம். பெட்டிகளுள் இடப்பக்கத்துப் பெட்டியில்தான் பலகாரமும் பட்டுச்சேலையுமாக எல்லாச் சுமையும் இருந்தது. தாங்கி மண்ணுள் புதைய, வண்டி மெல்லச் சாய்ந்தது. அதைத் தடுக்க மனைவி காலை வைத்தார். 196 கிலோவும் சுமையும் அவர் கணுக்கால்மேல் இறங்கின.

கணவர் தனியே தூக்கமுயன்று தோற்ற வேளையில், நாமக்கல் பதிவெண் கொண்ட லாரி ஒன்று நின்றது. இருவர் இறங்கி ஓடிவந்தனர். வண்டியை நிமிர்த்தி, பலகைத் துண்டு ஒன்றைத் தாங்கிக்கு அடியில் வைத்தபின் மூத்தவர் சொன்னார்: "வண்டி சாய்ந்தால் விட்டுவிட வேண்டும் அம்மா. இரும்பை வாங்கிக்கொள்ளலாம், காலை வாங்க முடியாது." பிறகு எங்களைப் பார்த்து, "எங்கள் கண்ணாடியில் உங்கள் முகம் தெரியாத இடத்தில் ஓட்டாதீர்கள். தெரியாவிட்டால் நீங்கள் அங்கே இல்லை என்றே நாங்கள் நினைப்போம்" என்றார். தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார். எந்த நூலிலும் நாங்கள் படித்திராத பாடம் அது.

அத்துடன் நின்றிருந்தால் நன்று. "ஒன்றுமில்லை" என்று மனைவி கூற, அதை நம்புவதே வசதியாயிருந்ததால் கணவர் நம்பினார். வைதரணி, பிராமணி, மகாநதி மூன்றையும் கடந்தோம், ஒன்றையும் பார்க்கவில்லை. புவனேசுவரத்தில் இறங்கும்போது காலணியைக் கழற்ற இயலாதபடி கால் வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை என்றும், ஒருவாரம் கால் தொங்கலாகாது என்றும் மருத்துவர் கூறினார். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒருவர் வலியை மறைக்க, மற்றவர் கேளாமல் இருந்த அந்த மாலையை நினைத்தால் இன்றும் எங்களுக்கு நாணமாக இருக்கிறது.

அன்றிரவு அம்மாவோடு தொலைபேசியில் பேசினோம். வண்டியைக் காட்ட இயலாததைச் சொல்லத் தயங்கினோம். அவர், "வண்டியையா பெற்றேன்? நீங்கள் வந்து சேருங்கள்" என்றார். மறுநாள் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, வண்டியை ரயில் பார்சலில் ஹௌராவுக்கு அனுப்பினோம். நாங்கள் சென்னை மெயிலில் ஏறினோம். சென்னையில் பிறந்த வண்டி சென்னைக்குச் செல்லாமல் திரும்பியது. குறை அதனுடையது அன்று, எங்களுடையது.

இளைஞர்களே! இவ்வண்டி நன்றா என்று எங்களைக் கேட்கிறீர்கள். நன்று. ஆனால் அது அளிக்கும் துணிவை நமது திறமை என்று மயங்கலாகாது. சுமையை இருபுறமும் நிறுத்துக் கட்டுங்கள். இருவர் ஏறினால் டயரின் காற்றை அதற்கேற்பக் கூட்டுங்கள். தாங்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு எடுத்துச் செல்லுங்கள். பின்னிருப்பவருக்கும் முழுத் தலைக்கவசமும் கணுக்காலை மூடும் காலணியும் வேண்டும். இருட்டியபின் ஓட்டாதீர்கள். யாவற்றுக்கும் மேலாக, மணிக்கு ஒருமுறை நின்று, பின்னிருப்பவரை நலம் கேளுங்கள். கேட்டபின் விடைக்குக் காத்திருங்கள்.

கால் குணமாகிவிட்டது. வண்டியில் இப்போது மூவாயிரம் கிலோமீட்டர் ஏறியுள்ளது. அந்த நாமக்கல் பலகைத் துண்டு இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. மீண்டும் புறப்படுவோம், நான்கு நாட்களில் அன்று, ஏழு நாட்களில். இம்முறை மகாநதியை நின்று பார்ப்போம்.