போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

டோக்கியோவிலிருந்து கிழக்கே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விமானத்தில் போனால் சுமார் 10 மணி நேரம். அங்கிருந்து திரும்பி வர? ஏறக்குறைய 12 மணி நேரம். ஊர் அதேதான், தூரம் அதேதான். நேரம் மட்டும் வேறு.

பூமி சுழல்வதால் இப்படி என்று பலர் நினைக்கிறார்கள். அது காரணமில்லை. பூமியோடு காற்றும் சேர்ந்துதானே சுற்றுகிறது!

காரணம், மேலே வீசும் காற்று. விமானம் பறக்கிற உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, ஆறு மாதிரி ஒரு காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அதற்கு வேகம் அதிகம். ஆடிக் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புரியும். காற்று முதுகில் தள்ளினால் சுகம். முகத்தில் அடித்தால் பாடு.

அதனால் கிழக்கே போகும் விமானம் அந்தக் காற்றைத் தேடிப் போகும். கொஞ்சம் சுற்றுவழியானாலும் சீக்கிரம் போய்விடலாம். மேற்கே போகும் விமானம் அதற்கு ஒதுங்கிப் போகும்.

இந்தக் காற்றை 1920களிலேயே கவனித்தவர் ஜப்பான் வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி. பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகிற வேகத்தைக் கணக்கிட்டுக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று, கண்டதை எஸ்பெராண்டோ என்ற பொதுமொழியில் எழுதி வெளியிட்டார். பாவம், அந்த மொழி தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வெளிநாட்டில் அதை அவ்வளவாக யாரும் படிக்கவில்லை.