பழையது மூன்று, புதியது ஒன்று

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாய் வளர்ப்பவர்களுக்காகப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சார் கேட்டார். அதற்கு முன் ஒரு பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். போன தை மாதம், பி பிளாக் லிஃப்டில் ஒரு நாய் அசுத்தம் செய்துவிட்டது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது நினைவிருக்கும். "யார் வீட்டு நாய்?" என்று பலர் கேட்டீர்கள். எங்கள் வீட்டு மணிதான். சுத்தம் செய்த அக்காவிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். உங்களிடம் கேட்கத் துணிவு வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

அது மணியின் தப்பு இல்லை, என்னுடைய தப்பு. அதைச் சொன்னால் உங்களில் சிலருக்குப் பயன்படும்.

எங்கள் ஊர் கலசப்பாக்கம். செய்யாற்றுப் பக்கம், ஜவ்வாது மலையை ஒட்டிய ஊர். அப்பா காலமானபின் அம்மாவை இங்கே அழைத்து வந்தோம். அம்மாவோடு மணியும் வந்தது. ஏழு வயது நாட்டு நாய். மல்லாட்டைக் கொல்லைக்கு அப்பாவோடு காவலுக்குப் போய் வந்தது. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் மோர்ச்சோறு, மலையிலிருந்து சாமை வந்தால் சாமைச்சோறு, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வேகவைத்த கறி. ஏழு வருடமும் இதேதான்.

இங்கே வந்த அன்றே நான் தட்டை மாற்றினேன். 'இனிமேல் சத்தான சாப்பாடு' என்று விலை உயர்ந்த பாக்கெட் உணவு வாங்கி, ஒரு கிண்ணம் சோறு இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் அதைப் போட்டேன். மணி ஆசையாகத் தின்றது. மறுநாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் லிஃப்ட்.

அம்மா திட்டவில்லை. "அதுக்கு வீடும் போச்சு, அவரும் போயிட்டாரு. சோத்தையாவது விட்டு வெச்சிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான்.

கால்நடை மருத்துவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாயின் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அது தினமும் தின்பதற்கு ஏற்ப அந்தக் கூட்டம் அமைந்திருக்கும். திடீரென்று கொழுப்பும் புரதமும் கூடினால், செரிமானச் சுரப்புகளும் நுண்ணுயிர்களும் பழகச் சில நாள் வேண்டும். அதுவரை செரிக்காமல் தங்குவது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். அதுதான் பேதி. நாய் விரும்பித் தின்கிறதே என்று நாம் ஏமாந்துபோகிறோம். நாக்குக்குப் பிடித்ததும் வயிறு தயாராக இருப்பதும் வேறு வேறு.

"கேட் பக்கத்து நாய்கள் எதைத் தின்றாலும் ஒன்றும் ஆவதில்லையே?" என்று நானும் டாக்டரிடம் கேட்டேன். அவை தினமும் பலவிதமாகத் தின்று பழகியவை. ஒரே உணவில் வருடக்கணக்காக இருந்த நாய்க்குத்தான் சிரமம் அதிகம். தெருநாய்க்கும் பேதி ஆகும், நாம் பார்ப்பதில்லை.

இப்போது கணக்கு. ஒரு வேளைக்கு நாலு கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் பழையது மூன்று, புதியது ஒன்று. அடுத்த இரண்டு நாள் பாதிக்குப் பாதி. ஐந்தாம், ஆறாம் நாள் பழையது ஒன்று, புதியது மூன்று. ஏழாம் நாள் முழுவதும் புதியது. வயதான நாய், மென்மையான வயிறு உள்ள நாய் என்றால் இதையே 10 முதல் 14 நாளாக நீட்டலாம். நடுவில் மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி, இரண்டு நாள் நின்று, பிறகு மேலே போங்கள்.

நான் செய்த இன்னொரு தவறு கிண்ணக் கணக்கு. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. 100 கிராம் உலர் உணவில் சுமார் 350. எடையைக் குறைக்காமல் மாற்றினால் நாய்க்கு இரண்டு பங்குக்கு மேல் தீனி போகிறது. அதுவே வயிற்றைக் கெடுக்கும். எடைக்கு ஏற்ற அளவு பாக்கெட்டில் போட்டிருக்கும், பாருங்கள். சோற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். உலர் உணவில் பத்து சதவீதம்தான். அதனால் தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

சோறு நாய்க்கு ஆகாது என்று சிலர் பயப்படுகிறார்கள். 2013-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் தலைமையில் நடந்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள், நாய்களுக்கு 4 முதல் 30 வரை. மனிதனோடு வாழ்ந்து நாய் சோற்றுக்குப் பழகியிருக்கிறது. ஆனால் வெறும் சோறு போதாது. புரதமும் கால்சியமும் வேண்டும். சாம்பார்ச் சோறு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு இவையும் கூடாது.

அப்படியென்றால் ஒரேயடியாக மாற்றுவது எப்போதுமே தவறா? இல்லை. பழைய உணவே ஆபத்தாக இருந்தால் அன்றே நிறுத்த வேண்டும். எங்கள் பக்கம் பூசணம் பிடித்த மல்லாட்டையை மாட்டுக்கும் போடமாட்டார்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது, காரணம் கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சு என்று தெரியவந்தது. அதுதான் அஃப்லாடாக்சின். 2020 கடைசியில் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததற்குக் காரணமாகச் சந்தேகிக்கப்பட்டதும் உலர் உணவில் இருந்த இதே நஞ்சுதான். ஆகவே திறந்த பாக்கெட்டை மழைக்காலத்தில் பால்கனியில் வைக்காதீர்கள். இறுக மூடி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வாடை மாறினால் 'கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ப்போம்' என்று நினைக்காமல் கொட்டிவிடுங்கள். அதேபோல சிறுநீரகம், கணையம், ஒவ்வாமை என்று டாக்டர் தனி உணவு எழுதிக்கொடுத்தால், எவ்வளவு வேகமாக மாற்றுவது என்பதை அவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பேதியும் உணவு மாற்றத்தால் வருவதில்லை. தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் வந்தால் அது பார்வோ வைரஸாக இருக்கலாம். கரண்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரிய நாய்க்கும் ஒரு நாளைத் தாண்டிப் பேதி நிற்காவிட்டாலோ, சோர்ந்து படுத்தாலோ, தண்ணீர் குடிக்காவிட்டாலோ காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, பள்ளி விடுமுறை வருகிறது. நாயைப் பக்கத்து வீட்டில் விட்டு ஊருக்குப் போகிறவர்கள், சாவியோடு அது தின்னும் உணவையும் அளவு கரண்டியையும் கொடுத்துவிட்டுப் போங்கள். வளர்த்தவர்களும் இல்லாமல், பழகிய சோறும் இல்லாமல் அதை விட வேண்டாம். பார்த்துக்கொள்கிறவர்களும் பாசத்தில் பிரியாணி வைக்காதீர்கள்.

மணிக்கு வயிறு சரியானதும் மறுபடியும் கூழிலிருந்தே தொடங்கி, பதினான்கு நாள் எடுத்து மாற்றினோம். இப்போது உலர் உணவு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. காலையில் இரண்டு கரண்டி கூழ் மட்டும் அம்மா கையால் போகிறது. டாக்டரும் சரி என்றுவிட்டார். அதை நான் நிறுத்தப் போவதில்லை.