அன்னா தைத்த சிறு அங்கி
(திருக்குடும்ப விழாவன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



நமது பங்கு ஒன்றில், மறைக்கல்வி வகுப்பில் நடந்தது இது. "இந்த வாரம் ஆண்டவருக்கு எதற்காக நன்றி சொல்வீர்கள்? ஒரு வரியில் எழுதுங்கள்" என்றார் அருள்சகோதரி. இரண்டாம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவன், "மழைக்கு நன்றி" என்று எழுதியிருந்தான். விவசாயக் குடும்பத்துப் பிள்ளையோ என்று நினைத்து, "உங்களுக்கு வயல் இருக்காப்பா?" என்று கேட்டார். "இல்ல சிஸ்டர். மழை பேஞ்சா ஸ்கேட்டிங் கிளாஸ் லீவு. அப்பாவும் அம்மாவும் எங்ககூட கேரம் விளையாடுவாங்க" என்றானாம்.

கேட்டவுடன் சிரித்தோம். சிரித்து முடித்தபின் மனது கனத்தது.

ஏழு வயதுப் பிள்ளையின் ஒரு வாரத்தை எண்ணிப் பார்ப்போம். திங்களும் புதனும் அபாகஸ். செவ்வாயும் வியாழனும் கீபோர்டு. வெள்ளிக்கிழமை ஹிந்தி. சனிக்கிழமை காலையில் ஸ்கேட்டிங், மாலையில் ஓவியம். இடையிடையே வீட்டுப்பாடம். பள்ளி விட்டு வந்து சீருடையை மாற்றி, வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடியே தோசையைத் தின்று முடிக்கும் பிள்ளைகளை நாம் தினமும் தெருவில் பார்க்கிறோம். ஞாயிறு திருப்பலியில் அந்தப் பிள்ளை அம்மாவின் மடியில் தூங்கிவிட்டால் அதைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வருமா?

பெற்றோரைக் குறை சொல்ல இதை நாம் பேசவில்லை. நமக்குக் கிடைக்காதது நம் பிள்ளைக்குக் கிடைக்கட்டுமே என்ற ஆசை நல்ல ஆசைதான். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், மாலை நேர வகுப்பு பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பான இடமாகவும் இருக்கிறது. ஆனால் இவற்றோடு ஓர் அச்சமும் கலந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கும்போது, நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற அச்சம். ஆசையில் சேர்த்த முதல் வகுப்போடு நின்றிருப்போம்; அந்த அச்சம்தான் நம்மை மூன்றாவது, நான்காவது வகுப்புக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டோமே என்பதற்காக, அழுகிற பிள்ளையையும் அனுப்பி வைக்கிறோம்.

இன்றைய நற்செய்தியில் ஒரு பிள்ளை காணாமல் போகிறது. பாஸ்கா விழா முடிந்து திரும்பும் வழியில், பன்னிரண்டு வயது இயேசு பயணிகள் கூட்டத்தில்தான் இருப்பார் என்று மரியாவும் யோசேப்பும் நினைத்தார்கள். அப்படி நினைத்தே ஒருநாள் பயணம் போய்விட்டார்கள். அவர்கள் கவலையற்ற பெற்றோர் அல்லர். நல்ல கூட்டம், தெரிந்த மனிதர்கள், எனவே பிள்ளை பத்திரமாக இருப்பான் என்று நம்பினார்கள். நாமும் அப்படித்தானே நம்புகிறோம்? நல்ல மாஸ்டர், நல்ல வகுப்பு என்ற நம்பிக்கையில் ஒருநாள் அல்ல, சில ஆண்டுகள்கூட நடந்துவிடுகிறோம். பிள்ளையின் உள்ளம் நம்மோடு வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையில் இதைத் தொட்டுப் பேசுகிறார். பிள்ளை இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, யாரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது போதாது. அதன் மனம் எங்கே நிற்கிறது என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய பெரிய கேள்வி என்பது அவர் தரும் பாடம்.

மரியாவும் யோசேப்பும் வந்த வழியே திரும்பிப் போய்த் தேடினார்கள். கண்டுபிடித்த பிறகும் மகன் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. ஆனாலும் தாய் அதைத் தள்ளிவிடாமல் உள்ளத்தில் வைத்துக் காத்தார். அதன்பின் இயேசு நாசரேத்துக்கு வந்து பெற்றோருக்குப் பணிந்து நடந்தார். ஏறக்குறைய முப்பது வயதில் பணியைத் தொடங்கும்வரை அவருடைய வாழ்வு நாசரேத்தின் அமைதியில் கழிந்தது. தச்சுத் தொழிலையும் செபத்தையும் வீட்டாரின் அருகிலேயே கற்றார். பல வகுப்புகளுக்குக் கட்டணம் கட்ட முடியவில்லையே என்று மனதுக்குள் வருந்தும் பெற்றோர் இதைக் கேட்டு ஆறுதல் அடையட்டும். உங்கள் வீடு நாசரேத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இன்றைய முதல் வாசகத்தில் வரும் அன்னாவைப் பாருங்கள். கேட்டுப் பெற்ற மகன் சாமுவேலை அவர் ஆண்டவரின் இல்லத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிறார். அதே நூலில் சற்றுத் தள்ளி ஒரு சிறு குறிப்பு வருகிறது. ஆண்டுதோறும் பலி செலுத்தக் கணவரோடு சீலோவுக்குச் செல்லும்போது, மகனுக்கு ஒரு சிறிய மேலங்கியைத் தைத்துக் கொண்டுபோவாராம். அவன் ஓராண்டில் எவ்வளவு வளர்ந்திருப்பான், தோள் எவ்வளவு அகன்றிருக்கும் என்று நினைத்து நினைத்துத்தான் அந்தத் தாய் ஊசியைக் கையில் எடுத்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் அளவில் தைத்த அங்கி சாமுவேலுக்குப் பொருந்தாது. போன ஆண்டின் அளவும் உதவாது. பிள்ளைகளுக்கு நாம் தேர்ந்துகொடுக்கும் கலைகளும் விளையாட்டுகளும் அந்த அங்கியைப் போன்றவைதான். அளவாக இருந்தால் அழகு. பெரிதாக இருந்தால் கால் தடுக்கும்.

இசையும் விளையாட்டும் வேண்டாமென்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. புனித தொன் போஸ்கோ சிறுவயதில் கழைக்கூத்தாடிகளின் வித்தைகளைக் கற்று ஊராருக்குச் செய்து காட்டியவர். தூரின் நகரில் அவர் நடத்திய இல்லத்தில் பாட்டும் நாடகமும் விளையாட்டும் நிறைந்திருந்தன. அவரே 1884ஆம் ஆண்டு உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு ஒரு வருத்தமான கடிதம் எழுதினார். முன்பு பெரியவர்கள் சிறுவரோடு சேர்ந்து ஓடியாடினார்கள், இப்போது ஒதுங்கி நிற்கிறார்கள், மைதானத்தில் பழைய மகிழ்ச்சி இல்லை என்பதே அவர் வருத்தம். நாம் அன்பு செய்வது உண்மை. அதைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்றார் அவர். மழைக்கு நன்றி சொன்ன அந்தச் சிறுவன் கேட்டதும் அதையேதான்.

அன்பார்ந்தவர்களே, அரையாண்டு விடுமுறை நாள்கள் இவை. மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவதாக, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வகுப்பையும் பற்றிக் கேட்போம். "அங்க போறப்ப உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருப்போம். பாரமாய் இருப்பது எது என்று தெரிந்தால், கட்டிய பணத்தை எண்ணாமல் அதை நிறுத்துவோம். தொடக்கத்துச் சோம்பலா, உண்மையான சோர்வா என்ற ஐயம் வந்தால், இன்னும் சில வாரம் பார்ப்போம். நாமும் வகுப்புக்கு ஒருநாள் போய்ப் பார்த்துவருவோம்.

இரண்டாவதாக, வாரத்தில் ஒரு மாலையை எந்த வகுப்பும் இல்லாமல் விடுவோம். அன்று கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையோடு இருப்போம். மழை வரவேண்டும் என்று அது காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவதாக, ஞாயிற்றுக்கிழமையை ஆண்டவருக்கும் குடும்பத்துக்கும் உரிய நாளாகக் காப்போம். திருப்பலி, மறைக்கல்வி, ஒன்றாக உட்கார்ந்து ஒருவேளை உணவு. பங்கில் பொறுப்பில் இருக்கும் நமக்கும் இதில் கடமை உண்டு. பாடகர் குழு, பீடச்சிறார், விவிலிய வினாடி வினா, ஆண்டு விழா நடனம் என்று ஒரே பிள்ளையை நான்கு பயிற்சிக்கும் இழுப்பது நாமும்தான். அதையும் குறைத்துக்கொள்வோம்.

நாசரேத்துக் குடும்பத்தின் ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளை உம்மிடமிருந்து கொடையாகப் பெற்றோம். அவர்களின் அளவை அறியும் கண்களையும், அவர்களோடு இருக்கும் நேரத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.