பெயரை இரவல் கொடுத்தல்

(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேசப் புகுந்த விஷயம் நாவுக்கு இனியது, வழக்குக்கும் இடமானது. நம்மவருள் ஒரு குடும்பத்தார் மூன்று தலைமுறையாகக் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் செய்து விற்று வருகின்றனர். பாட்டனார் பெயரே கடைக்குப் பெயர். அப்பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு தத்தம் ஊரில் கடை வைக்க வெளியூரார் சிலர் பணத்துடன் வந்து நிற்கின்றனர். பேரப்பிள்ளைகள் சம்மதிக்கின்றனர், பெரியவர் மறுக்கின்றார். இரு திறத்தாரும் நம்மிடம் யோசனை கேட்டமையால், அவர்தம் அனுமதி பெற்று, பெயர் குறியாமல் இங்கே பேசுகின்றோம்.

பிரான்சைஸ் என வழங்கும் இவ்வியாபார முறையில், இரவல் பெறுவோர் முதலும் இடமும் தம்முடையனவாகக் கொண்டு, பெயருக்கென முன்பணமும் பெரும்பாலும் விற்பனையில் ஒரு பங்கும் தருவர். பெயருக்குரியோர் செய்முறையையும் தரத்தையும் வகுத்துக் கொடுப்பர். இதில் இழிவொன்றுமில்லை. லேபிளே சரக்கை விற்கும் என்பதைத் தீப்பெட்டித் தொழிலில் கண்டறிந்தவர்கள் நாம்.

திண்டுக்கல்லில் 1957 இல் நாகசாமி நாயுடு அவர்கள் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் தொடங்கியபொழுது, தலப்பாக்கட்டி என்பது கடைப் பலகையில் இல்லை. அவர் தலையில் இருந்தது. உண்டவர் வாயில் வளர்ந்த அப்பெயர், பிற்காலத்தில் பல ஊர்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்ற கடைத்தொடராயிற்று. அதையொத்த பெயரைப் பிறரும் எழுதிக்கொள்ளவே, சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. தலைப்பாகையை அணிந்தவர் ஒருவர். அதன் பெயருக்குப் போட்டியிட்டவர் பலர்.

அப்பால் மேல்நாட்டைப் பாருங்கள். ஜெர்மனிக்குக் கூலிவேலைக்குச் சென்ற துருக்கியர், 1970-களில் பெர்லின் நகரில் இறைச்சியைச் சீவி ரொட்டியில் வைத்துக் கையில் கொடுத்து விற்ற கபாப், அந்நாட்டாரின் அன்றாட உணவாகவே ஆகிவிட்டது. 2022 இல் துருக்கியிலுள்ள ஒரு சங்கம், அதன் செய்முறைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதுகாப்பு வேண்டி விண்ணப்பித்தது. ஜெர்மனி ஆட்சேபித்தது. 2025 இல் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. கபாபைச் சூடாகச் சீவி அப்பொழுதே கொடுத்தல் வேண்டுமாகையால், கடை சென்ற இடமெல்லாம் அடுப்பும் கூடவே சென்றது. அடுப்பு சென்ற ஊர் அதைத் தன்னுடையதாக்கிக் கொண்டது.

கடலை மிட்டாயோ அவ்வாறன்று. நிலக்கடலையை வறுத்துத் தோல் போக்கி உடைத்து, கொதிக்கும் வெல்லப்பாகில் சேர்த்துக் கிளறி, பலகையில் கொட்டிச் சமமாக உருட்டி, ஆறுமுன் கத்தியால் துண்டமிட வேண்டும். மேலே சாயமேற்றிய தேங்காய்த் துருவல் பச்சையும் சிவப்புமாய்த் தூவப்படும். இவற்றுள் கஷ்டமானது பாகின் பதமே. ஒரு நொடி முந்தினால் பல்லில் ஒட்டும்; பிந்தினால் கசக்கும். முன்னாளில் கருப்பட்டியில் செய்து திருவிழாக்களில் விற்றனர் என்றும், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொன்னம்பல நாடார் வெல்லத்தில் செய்து கடையில் விற்கலானார் என்றும் ஊரார் சொல்வர். எவ்வாறாயினும், காற்றுப் புகாமல் கட்டினால் பல நாள் கெடாத பண்டம் இது. ஆகவே கடை எங்கும் போகலாம். அடுப்பு போக வேண்டிய அவசியமில்லை.

போகவும் கூடாது என்பதே நம் கருத்து. 2020 ஏப்ரலில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வுரிமை ஒரு வீட்டாருக்குரியதன்று. குறித்த எல்லைக்குள் முறைப்படி செய்து, பதிவும் பெற்றவர் அனைவருக்கும் பொது. 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24 ஆவது பிரிவு, அவ்வுரிமையை விற்கவோ, பிறருக்கு உரிமம் தரவோ, அடகு வைக்கவோ இயலாதென விதிக்கின்றது. பதிவு பெற்றவர் காலஞ்சென்றால் வாரிசுக்குச் செல்லும். எனவே பேரப்பிள்ளைகள் இரவல் கொடுக்கத் தக்கது பாட்டனார் பெயரை மட்டுமே, ஊரின் பெயரையன்று. வேற்றூரில் அடுப்பு மூட்டி வேறு கை கிண்டிய மிட்டாய்க்குக் கோவில்பட்டி என்று எழுதினால், அது ஊரார் அனைவர் வீட்டுச் சோற்றிலும் கைவைப்பதாகும்.

இனிப் பாட்டனார் பெயர் யாருடையது? இங்கேதான் சிக்கல். பெரியவரின் தம்பி மக்கள் அடுத்த தெருவில் அதே பெயரில் கடை வைத்துள்ளனர். மருமகன் ஒருவர் பேருந்து நிலையத்தருகே வைத்துள்ளார். எவரும் வணிகச்சின்னமாகப் பதிவு செய்யவில்லை. பாகப்பிரிவினையில் கரிசல் காட்டைச் சங்கிலி போட்டு அளந்தனர், வீட்டை அளந்தனர், பெயரை அளப்பார் இல்லை. வீட்டிற்குள் முடிவாகாத பெயரை வெளியாருக்குக் கொடுத்தால், முதலில் வரும் வக்கீல் நோட்டீஸ் தம்பி வீட்டிலிருந்தே வரும்.

பெரியவரின் மறுப்பு கஞ்சத்தனம் என்று பிள்ளைகள் எண்ணினர். நாம் தனியே கேட்டபொழுது அவர் சொன்னது: “விற்பதற்கு ஆள் கிடைப்பான். பாகின் பதத்தை அங்கே யார் பார்ப்பது?” பேரனுக்கு அதனை இன்னும் அவர் கற்றுக் கொடுக்கவில்லை என்பதும் விசாரித்ததில் தெரிந்தது. அதற்காக அவரையும் சற்றே கண்டித்தோம்.

பெயரை மூவீட்டாரும் கூடிக் கூட்டுரிமையாகப் பதிவு செய்யவும், வெளியூரில் விற்பனைக் கடை மட்டும் அனுமதித்துச் சரக்கெல்லாம் இங்கிருந்தே அனுப்பவும், பத்திரத்தில் கையொப்பமிடுமுன் பேரன் ஓராண்டு அடுப்படியில் நிற்கவும் யோசனை கூறினோம். வரும் வெள்ளிக்கிழமை மூவீட்டாரும் ஒரே பாயில் அமர இசைந்துள்ளனர். அன்று பாகு வைக்கும் நாளாதலின் காலையில் வர இயலாதென்றும், மாலையில் பேரனையும் உடன் அழைத்துக்கொண்டு வருவதாகவும் பெரியவர் சொல்லியனுப்பியுள்ளார்.