கிணற்று ஆழமும் கரண்டுக் கணக்கும்



கிணறு, போர் வைத்து இறவைப் பாசனம் செய்கிறவர்களுக்கு இன்றைக்கு ஒரு கணக்கு சொல்லலாம்னு வந்திருக்கேன். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அங்குல உயரம் தண்ணீர் நிறுத்த ஏறக்குறைய 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர் வேண்டும். சேதாரமே இல்லை என்று வைத்துக்கொண்டால், அவ்வளவு தண்ணீரையும் 12 அடி தூக்க 1 யூனிட் மின்சாரம் போதும். தண்ணீர் மட்டம் 120 அடியில் இருந்தால் 10 யூனிட். 600 அடிக்குப் போய்விட்டால் 50 யூனிட்.

இது ஏட்டுக் கணக்கு. மோட்டார் சூடாகிறதிலே கொஞ்சம் போகுது, பம்பிலே கொஞ்சம், குழாய் உராய்விலே கொஞ்சம். மூன்று மடங்கு கரண்டு இழுக்கிற பம்புசெட்டுகள் சர்வ சாதாரணம். அப்படிப் பார்த்தால் 600 அடியிலிருந்து ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் பாய்ச்ச 150 யூனிட். அந்த மின்சாரம் நெய்வேலியிலிருந்து வந்தது என்றால், யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி வீதம் ஒன்றரைக் குவிண்டால் கரி எரிந்திருக்கும். அந்தக் கரியை வெட்டி எடுப்பதற்கும் அடியிலிருக்கிற ஊற்று நீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கத்துக்குள் தண்ணீர் பொங்கிவிடும். கரண்டுக்காக அங்கே தண்ணீர் இறைக்கிறார்கள், தண்ணீருக்காக இங்கே நாம் கரண்டு செலவழிக்கிறோம்.

"கரண்டுதான் இலவசமாச்சே, இந்தக் கணக்கு எனக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 1990இல் விவசாயிகள் எல்லோருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அது வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சின்ன விவசாயி பல பேர் அதனாலேதான் இன்னும் நிலத்திலே நிற்கிறார்கள். ஆனால் கரண்டுக்குப் பில் வராததால், செலவு வேறு வழியிலே வருது. போர் போடுகிற கூலி, கேசிங் குழாய், பெரிய மோட்டார், அதுக்கு வாங்கிய கடன், இதெல்லாம் யார் தலையில்? நம்ம தலையில்தான்.

கமலை, கவலை இறைத்த காலத்தை வயசானவர்கள் நினைத்துப் பாருங்க. மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மாட்டை அவிழ்த்துக் கட்டிய பிறகு ராத்திரி பூராவும் கிணறு ஊறும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவுதான் எடுக்க முடிந்தது. மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. அதிலும் இப்போ ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தாச்சு. மும்முனை கரண்டு எப்போ வருமோ என்று சுவிட்சை ஆட்டோவிலே போட்டுட்டுப் படுத்துடறோம். நடுச்சாமத்திலே கரண்டு வருது, மோட்டார் ஓடுது, வாய்க்கால் உடைந்து தண்ணீர் ரோட்டிலே போவது விடிந்த பிறகுதான் தெரியுது.

நம் மாநிலத்தில் முக்கால் பங்கு நிலப்பரப்பு கடும்பாறை. மேலே சிதைந்த பாறையிலும், கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர். திருச்செங்கோட்டு ரிக் லாரி எத்தனை அடி வேண்டுமானாலும் துளை போட்டுக் கொடுக்கும். தண்ணீர் இருக்கணுமே! ஒருவர் 800 அடி இறக்கினால், பக்கத்தில் 60 அடித் திறந்த கிணறு வைத்திருக்கிறவருக்கு வெறும் பாறைதான் மிஞ்சுது. அவரும் கடன் வாங்கிப் போர் போடணும், இல்லே நிலத்தைத் தரிசாப் போடணும். இந்தப் போட்டியில் முதலில் தோற்பது ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரர்தான்.

2019இல் பி.எம். குசும் திட்டம் வந்த பிறகு சூரியசக்தி பம்பு பற்றி நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். நல்ல பம்பு. கரி வேண்டாம், பகலிலேயே பாய்ச்சலாம், ராத்திரி பாம்புக்குப் பயந்து வரப்பிலே நடக்க வேண்டாம். ஆனா வெயில் எவ்வளவு அடித்தாலும் அது கிணற்றை நிரப்பாது. பகல் பூராவும் சும்மா ஓடுதே என்று ஓட்டினால், கரண்டு பம்பைவிடச் சீக்கிரமாகவே கிணறு காலியாகும். சூரியசக்தி பம்பு வைக்கிறவர்கள் கூடவே சொட்டுநீரும் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது பயிர். நெல்லுக்கு மொத்தம் 48 அங்குலம் தண்ணீர் வேண்டியிருக்கு. நிலக்கடலைக்கு 20 போதும். உளுந்து, எள் என்றால் 10, 12 அங்குலத்திலே முடிந்துவிடும். மழையே இல்லாமல் 150 அடியிலிருந்து இறைத்து ஒரு ஏக்கர் நெல் விளைவிக்க 1,800 யூனிட்டுக்கு மேலே ஆகும். கோடையில் கிணற்றை நம்பி நெல் போடுவது எனக்குச் சம்மதமில்லை. போட்டே ஆகணும் என்கிறவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்யுங்கள். பக்கமெல்லாம் துளை போட்ட ஒரு குழாய்த் துண்டை வயலில் புதைத்து, உள்ளிருக்கிற மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு அரை அடி கீழே இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் கட்டினால் போதும். நட்ட புதிதிலும் பூக்கிற சமயத்திலும் மட்டும் காய விடாதீர்கள்.

குழாயையும் கவனிக்கணும். 2 அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக மாற்றினால், அதே தண்ணீருக்கு உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். தேவையில்லாத வளைவுகளை எடுத்துவிடுங்க. அடைப்பு விழுந்த புட்வால்வைக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்க.

உங்க பம்பு எப்படி வேலை செய்யுதுன்னு நீங்களே பார்த்துக்கலாம். 200 லிட்டர் பேரல் ஒன்றும் ஒரு கடிகாரமும் போதும். 150 அடியிலிருந்து இறைக்கிற 5 குதிரைசக்தி மோட்டார் பேரலை 80 விநாடியில் நிரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 9,000 லிட்டர். ஏக்கருக்கு ஒரு அங்குலம் பாய்ச்ச பதினொன்றரை மணி நேரம் ஓடணும். மணிக்கு நாலரை யூனிட் வீதம் 51 யூனிட் ஆகுது. ஏட்டுக் கணக்குப்படி ஆக வேண்டியது 13 யூனிட்டுக்கும் குறைவு. நாலில் மூணு பங்கு வீண்! அப்படி வந்தால் முதலில் குழாயையும் புட்வால்வையும் பாருங்க, பிறகு பம்பைக் கழற்றிப் பாருங்க. மோட்டார் பலமுறை காயில் கட்டியதா என்றும் விசாரியுங்க.

கையோடு ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து, மோட்டார் அறைச் சுவரிலே தேதி போட்டு எழுதி வையுங்க. சித்திரையில் ஒரு தடவை, மழை முடிந்து தை மாதத்தில் ஒரு தடவை. பக்கத்துக் கிணற்றுக்காரரையும் எழுதச் சொல்லுங்க. இரண்டு மூன்று வருஷக் கணக்கு கையில் இருந்தால், அடுத்த போர் போடலாமா, பயிரை மாற்றலாமா என்று அவரோடு உட்கார்ந்து பேசலாம்.